வளரும் புறநகர்களில் பொதுப் பள்ளிகள்: திருப்பதி, சித்தூர் தரும் படிப்பினை

வடக்கே சேஷாசல மலைத்தொடர் அரண்போல் நிற்பதால், திருப்பதி நகரம் கிழக்கு, தெற்கு, மேற்கு ஆகிய மூன்று திசைகளில் மட்டுமே விரிவடைய இயலும். கிழக்கே ரேணிகுண்டா சாலை, தென்கிழக்கே திருச்சானூர், மேற்கே சந்திரகிரி வழியாகச் சித்தூர் செல்லும் நெடுஞ்சாலை என மூன்று வழிகளிலும் அது விரிவடைந்தே வந்திருக்கிறது. 1886-ஆம் ஆண்டில் நகராட்சியாக அமைந்த இவ்வூர் 2007-இல் மாநகராட்சியாயிற்று. 1981-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1.15 லட்சமாக இருந்த மக்கள் தொகை, 2001-இல் 2.28 லட்சமாகவும், 2011-இல் 2.87 லட்சமாகவும் உயர்ந்தது.

ஆயினும், நகரத்தின் உண்மையான அளவை இந்த எண்கள் காட்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, நகரத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளையும் சேர்த்து, திருப்பதி நகரத் தொகுதியின் மக்கள் தொகை சுமார் 4.6 லட்சம் என்று காட்டிற்று. அதாவது, திருப்பதியில் வாழ்வதாக எண்ணிக்கொள்ளும் பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வர், மாநகராட்சியின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தனர். இவர்களுடைய எண்ணிக்கை மட்டுமே சுமார் 1.7 லட்சம். அந்நாளில் சித்தூர் நகரத்தின் மக்கள் தொகையும் ஏறத்தாழ இந்த அளவினதே.

இந்த 1.7 லட்சம் பேர் வசித்த திருச்சானூர், அவிலாலா, மங்களம், பேரூர் போன்ற இடங்கள் 'கணக்கெடுப்பு நகரம்' என்னும் வகையைச் சேர்ந்தவை. ஓர் ஊரின் மக்கள் தொகை 5,000-க்குக் குறையாமலும், ஆண் உழைப்பாளர்களில் நூற்றுக்கு 75 பேருக்காவது வேளாண்மை அல்லாத தொழிலாகவும், மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 400-க்குக் குறையாமலும் இருந்தால், கணக்கெடுப்புத் துறை அதனை நகரமாகக் கொள்கிறது. ஆனால் மாநில அரசாங்கத்தின் பதிவேட்டில் அது கிராம ஊராட்சியாகவே நீடிக்கிறது. வீட்டு வரி ஊராட்சிக்குச் செல்கிறது. மனைப் பிரிவுக்கு அனுமதி வழங்குவது நகர வளர்ச்சி ஆணையம். பள்ளிக்கூடமோ மண்டலப் பரிஷத்தினுடையதாகவோ ஜில்லா பரிஷத்தினுடையதாகவோ இருக்கிறது. ஒரே தெருவை மூன்று அலுவலகங்கள் மூன்று வரைபடங்களில் பார்க்கின்றன. புறநகர்ப் பொதுப் பள்ளிகளின் வளர்ச்சியில் காணப்படும் இடர்ப்பாடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு நிதிப் பற்றாக்குறையைக் காட்டிலும் இந்த ஏற்பாடே அடிப்படைக் காரணம் எனலாம்.

எத்தனை குழந்தைகள்? எத்தனை பள்ளிகள்?

தேவையின் அளவை எளிய கணக்கால் மதிப்பிடலாம். ஆந்திரத்தின் குறைந்த பிறப்பு வீதத்தைக் கருத்திற்கொண்டு, ஆயிரம் பேருக்கு 6 முதல் 13 வயதுக்குட்பட்டோர் 140 பேர் என்று வைத்துக்கொண்டால், 1.7 லட்சம் மக்களிடையே சுமார் 24,000 குழந்தைகள் எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்கு உரியவர்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இவர்களுக்கு இடமளிப்பது அரசாங்கத்தின் விருப்பத்தைப் பொறுத்தது அன்று, கடமையாகும்.

1996-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட நகர வளர்ச்சி வழிகாட்டு நெறிகள், 5,000 மக்களுக்கு ஒரு தொடக்கப் பள்ளியும், அதற்கு 0.40 ஹெக்டேர் நிலமும் வேண்டும் என்கின்றன. இதில் பாதி கட்டடத்துக்கு, மறு பாதி விளையாட்டிடத்துக்கு. இந்த அளவுகோலின்படி, மேற்சொன்ன புறநகர்ப் பகுதிக்கு 34 தொடக்கப் பள்ளிகளும் அவற்றுக்கு ஏறத்தாழ 34 ஏக்கர் நிலமும் தேவை. அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, எதுவாயினும் நிலம் நிலமே. ஒரு சதுர கஜத்தின் விலையை வைத்தே நாள்தோறும் வணிகம் நடைபெறும் ஒரு நகரத்தின் விளிம்பில், 34 ஏக்கரைப் பள்ளிக்கென்று பின்னாளில் தேடிக் கொள்ளலாம் என்று நினைப்பது வீண்.

பள்ளிகள் அமைந்துள்ள இடங்களின் வரலாறு

இப்புறநகர்களில் பள்ளிக்கூடமே இல்லை என்பதன்று. ஏறக்குறைய ஒவ்வொரு பழைய கிராமத்திலும் ஒன்று இருக்கிறது. அது அங்கே எவ்வாறு வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இன்று ஏன் போதாமற் போயிற்று என்பதும் விளங்கும்.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-ஆம் நாள், வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. அக்காலத்தில் ஊரகப் பள்ளிகள் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு ஆகியவற்றின் பொறுப்பில் இருந்தன. 1920-ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், தல ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்கவும், அதற்கு அரசாங்கம் தன் பங்கைச் சேர்க்கவும் வழி செய்தது. பள்ளிக்கூடத்துக்கும் அதனைச் சுற்றி வாழும் மக்களின் வரிக்கும் இடையே ஒரு நேரடியான தொடர்பு அந்நாளில் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

1959-இல் ஆந்திரப் பிரதேசம் பஞ்சாயத்து ராஜ் அமைப்பை ஏற்றபோது, மாவட்ட போர்டுகள் மறைந்தன. உயர்நிலைப் பள்ளிகள் ஜில்லா பரிஷத்துக்கும், ஆரம்பப் பள்ளிகள் பஞ்சாயத்து சமிதிகளுக்கும் சென்றன. அக்காலத்தில் ஓர் ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டுமெனில், ஊரார் நிலத்தையும் ஒரு தொகையையும் முன்வந்து அளிப்பது வழக்கமாக இருந்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே உணர்வில் எழுந்தவையே. ஊர்ச் சாவடிக்கு அருகிலோ ஏரிக்கரையிலோ கிடைத்த அரை ஏக்கரில் இரண்டு அறைகள் எழும்பின. ஐந்நூறு, அறுநூறு பேர் வாழ்ந்த கிராமத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

பின்னர் 1985-இல் தாலுகாக்களுக்குப் பதிலாக மண்டலங்கள் வந்தன. சமிதிகளின் இடத்தில் மண்டலப் பரிஷத்துகள் அமைந்தன. மண்டலக் கல்வி அதிகாரி என்னும் பதவியும் தோன்றியது. 1983-இல் முன்னோடியாகத் தொடங்கி 1989-இல் விரிவாக்கப்பட்ட ஆந்திரப் பிரதேச ஆரம்பக் கல்வித் திட்டம் பிரிட்டிஷ் உதவியோடு நடைபெற்றது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் பள்ளி ஒன்றுக்கு இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் வேண்டுமென்றது. 2001-க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கமும் வந்தது. ஒவ்வொரு திட்டமும் ஏதோ ஒரு வகையில் கட்டடத்தைக் கூட்டியது. ஆனால் எல்லாம் அந்தப் பழைய அரை ஏக்கரின் மேலேயே. புதிய குடியிருப்புகளோ, கிராமத்தின் நடுவிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையின் மறு பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தன.

தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. கிராமத்துக்கு இது பொருத்தமான அளவே. புறநகரில் தொலைவைக் காட்டிலும் குறுக்கே செல்லும் சாலையே தடையாகிறது. முந்நூறு மீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு ஆறு வயதுக் குழந்தை, நான்கு வழிச் சாலையைக் கடந்து செல்ல வேண்டியிருந்தால், அப்பள்ளி வரைபடத்தில்தான் அருகில் இருக்கிறது. வாகனம் அனுப்பும் தனியார் பள்ளியைப் பெற்றோர் நாடுவதற்கு ஆங்கில மோகம் மட்டுமே காரணமென்று கூறிவிடுவது முழு உண்மையன்று.

அரசியலமைப்பில் ஓர் இடைவெளி

1992-இல் இயற்றப்பட்ட 73, 74-ஆம் திருத்தங்களால் அரசியலமைப்பில் பதினொன்றாம், பன்னிரண்டாம் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. முன்னது ஊராட்சிகளுக்கும், பின்னது நகராட்சிகளுக்கும் ஒப்படைக்கத்தக்க பணிகளைப் பட்டியலிடுகிறது. ஊராட்சிகளுக்கான பட்டியலின் 17-ஆம் இனம், 'தொடக்கப் பள்ளிகள், இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி' என்று வெளிப்படையாகக் கூறுகிறது. நகராட்சிகளுக்கான பட்டியலின் 13-ஆம் இனமோ, பண்பாடு, கல்வி, அழகுணர்வு ஆகியவற்றை வளர்த்தல் என்று பொதுவாக நின்றுவிடுகிறது. பள்ளி என்னும் சொல்லே அதில் இல்லை.

பட்டியல்களை வகுத்தவர்கள் இதனைக் கருதிச் செய்தார்களோ இல்லையோ, விளைவு தெளிவானது. ஓர் ஊர் கிராமமாக இருக்கும் வரையில் பள்ளி அதன் உள்ளாட்சியின் பணி. அதே ஊர் நகரமாகிவிட்டால், பள்ளியைப் பற்றிய பொறுப்பு மங்கிவிடுகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் புறநகர் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் நிற்கிறது.

இதற்குச் சித்தூர் நகரம் நல்ல சான்று. 1917 முதல் நகராட்சியாக இருந்த சித்தூர், 2012-இல் சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாக்கப்பட்டது. ஆந்திரப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய சி. ஆர். ரெட்டியின் பெயரோடு வழங்கும் கட்டமஞ்சி, முரகம்பட்டு போன்ற இடங்களில் ஊரகமும் நகரமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஓர் ஊராட்சி நகரத்தோடு இணையும்போது அதன் குளமும், விளக்குக் கம்பமும், வரிப் பதிவேடும் நகராட்சிக்குக் கைமாறுகின்றன. பள்ளி அவ்வாறு உடனே கைமாறுவதில்லை. ஆசிரியர்களின் பணி மூப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் நிர்வாக வகையை ஒட்டி அமைந்திருப்பதே இதற்குக் காரணம். பஞ்சாயத்து ராஜ் ஆசிரியர்களுக்கும் அரசாங்க ஆசிரியர்களுக்கும் பொதுவான பணி விதிகள் வகுப்பது பற்றி ஆந்திரத்தில் நெடுங்காலமாக நீடித்த வழக்குகள் இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

இது ஆந்திரத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட அரசு, ஒன்றியப் பள்ளிகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறியிருக்கும்.

ஆந்திர அரசாங்கம் 2022-இல் நகராட்சிப் பள்ளிகளின் நிர்வாக மேற்பார்வையைப் பள்ளிக் கல்வித் துறையிடம் ஒப்படைத்தது. சொத்துகள் நகராட்சிகளிடமே இருந்தன. அதே 2022-இன் ஏப்ரல் 4-ஆம் நாள், பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, நெல்லூரின் சில பகுதிகளோடு திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. திருப்பதிக்குத் தனிக் கலெக்டரும் தனி மாவட்டக் கல்வி அதிகாரியும் வந்தனர். ஆனால் 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லா பரிஷத்துகள் பழைய மாவட்ட எல்லைகளோடே நீடித்தன. இதன் பயனாக, திருப்பதியின் புறநகரிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் கல்வி மேற்பார்வை திருப்பதியிலும், அதன் சொத்துரிமை சுமார் 70 கிலோமீட்டருக்கு அப்பால் சித்தூரிலும் இருக்கும் நிலை ஏற்பட்டது. ஒரு சுற்றுச்சுவரைப் பழுதுபார்ப்பதற்குரிய கோப்பு எத்தனை மேசைகளைக் கடக்க வேண்டும் என்பதை அலுவலர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பதிக்கே உரிய சில இயல்புகள்

திருப்பதியில் கல்விக்குப் பஞ்சமில்லை என்று சொல்வோர் உண்டு. அது உண்மையே. நாட்டின் குடியரசுத் தலைவராகத் திகழ்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். வேங்கடேஸ்வரா பல்கலைக் கழகம் 1954-இலும், மகளிர் பல்கலைக் கழகம் 1983-இலும் தோன்றின. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் வந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நகரில் சிறப்பான உயர்நிலைப் பள்ளிகளையும், காது கேளாதோர் பள்ளியையும், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தையும் நடத்தி வருகிறது. ஆனால் இவற்றுள் பல பழைய நகரத்தின் எல்லைக்குள் அமைந்தவை. புறநகர்ப் பகுதியில் வசிக்கும் கட்டடத் தொழிலாளியின் மகளுக்குப் பல்கலைக் கழகங்களின் அருகாமையால் பயன் ஏதும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஐந்தாம் வகுப்புக்குப் பின் ஆறாம் வகுப்பு.

இந்நகரின் பொருளாதாரம் யாத்திரிகர்களைச் சார்ந்தது. விடுதிகள், போக்குவரத்து, உணவகம், கட்டட வேலை ஆகியவற்றுக்காக அண்டை மண்டலங்களிலிருந்தும் தமிழ்நாட்டின் எல்லை ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கின்றன. கல்வி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. வேலை எந்த மாதத்திலும் கிடைக்கிறது. ஆசிரியர்களை நிர்ணயம் செய்யும் கணக்கு ஒரு குறிப்பிட்ட நாளின் வருகைப் பதிவைக் கொண்டு அமைகிறது. அதற்குப் பின் வந்து சேரும் குழந்தைக்குச் சட்டப்படி இடமுண்டு. அவளுக்குரிய ஆசிரியர் அடுத்த ஆண்டுதான் வருவார்.

மொழியும் ஒரு கூறு. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தமிழ்நாட்டுக்கும், சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்கும் மாறிய பின்னும், நகரி, சத்தியவேடு, குப்பம் வட்டாரங்களில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக உள்ளனர். அங்கே தமிழ்வழிப் பள்ளிகளும் நடைபெறுகின்றன. அவ்வூர்களிலிருந்து திருப்பதியின் புறநகருக்குக் குடிபெயரும் குடும்பத்தின் குழந்தைக்கு அந்த வாய்ப்பு எளிதில் தொடர்வதில்லை. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்தல் பற்றி அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுவது, குடிபெயர்வோர் விஷயத்தில் ஏட்டளவிலேயே நிற்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லலாம். பழைய சித்தூர் மாவட்டத்தைக் கல்வியாளர்கள் வேறொரு காரணத்துக்காக நன்கு அறிவர். மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி ஊரகக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளியில் பல வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் கற்பிக்கும் முறையை வகுத்தது. 2003 அளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு அது முன்மாதிரியாயிற்று. சிறு கிராமப் பள்ளியின் சிக்கலுக்கு இம்மாவட்டம் விடை கண்டது. வேகமாகப் பெருகும் புறநகர்ப் பள்ளியின் சிக்கலோ இன்னும் தனிச் சிக்கலாகவே கருதப்படவில்லை.

வசதிகளும் சேர்க்கையும்

அண்மைக் காலத்தில் பள்ளி வசதிகளுக்காக ஆந்திரத்தில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளில் முதன்மையானது, 2019 நவம்பர் 14-இல் தொடங்கிய 'மன பாடி நாடு-நேடு' திட்டம். 'நம் பள்ளி அன்றும் இன்றும்' என்பது இதன் பொருள். முதல் கட்டத்தில் மாநிலம் முழுவதும் 15,715 பள்ளிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, குடிநீர், மின் விசிறி, விளக்கு, மேசை நாற்காலி, பச்சைப் பலகை, சுற்றுச்சுவர், பழுதுபார்ப்பு, வண்ணம் பூசுதல், ஆங்கில ஆய்வுக்கூடம் என்று பணிகள் வரையறுக்கப்பட்டன. ஒப்பந்தக்காரர்களை விடுத்துப் பெற்றோர் குழுக்களின் வழியே பணத்தைச் செலவிட்டது இத்திட்டத்தின் சிறப்பு. சிமெண்டு மூட்டையை எண்ணிப் பார்க்கும் உரிமை, அப்பள்ளியில் தன் குழந்தையைச் சேர்த்த தாய்க்குக் கிடைத்தது. 2021 ஆகஸ்டில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. அதில் கூடுதல் வகுப்பறைகளும் இடம்பெற்றன. ஆனால் அக்கட்டத்தின் பணிகளில் பல 2024-இல் முற்றுப்பெறாமல் நின்றன.

கழிப்பறையையும் குடிநீரையும் சிறு விஷயமாகக் கருதலாகாது. பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளியில் நீடிப்பதும் நின்றுவிடுவதும் பல இடங்களில் இவற்றைப் பொறுத்தே உள்ளன. எனினும், புறநகரைப் பொறுத்த வரையில் இத்திட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஏற்கெனவே உள்ள பள்ளியை அது அழகுபடுத்தியது. பள்ளியே இல்லாத புதிய குடியிருப்பில் அதற்கு வேலை இல்லை.

அதே காலத்தில், பெற்றோரின் கையில் நேரடியாகப் பணம் அளிக்கும் கொள்கையும் வலுப்பெற்றது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்ற 'அம்ம ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9-இல் சித்தூரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. 2025-இல் 'தல்லிக்கி வந்தனம்' என்ற பெயரில், குடும்பத்தின் ஒவ்வொரு குழந்தைக்கும் என அது விரிவாக்கப்பட்டது. தனியார் பள்ளியில் பயிலும் குழந்தைக்கும் இவ்வுதவி உண்டு. ஏழைக் குடும்பத்துக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், பத்து நிமிட நடையில் அரசுப் பள்ளி இல்லாத புறநகர்ப் பகுதியில், இதே தொகை தனியார் பள்ளிக் கட்டணத்தின் முதல் தவணையாகிவிடுவதும் இயல்பே. பொதுப் பணம் செலவாகிறது. பொதுப் பள்ளி வளரவில்லை.

பெற்றோர் அரசுப் பள்ளியை எந்நாளும் வெறுக்கிறார்கள் என்பதும் சரியன்று. நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் நடைபெறும் 'அசர்' ஆய்வின்படி, 6 முதல் 14 வயதுக்குட்பட்டோரில் அரசுப் பள்ளிகளில் பயின்றோர் 2018-இல் நூற்றுக்கு 65.6, நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பின், 2022-இல் 72.9; 2024-இல் மீண்டும் 66.8. வருமானம் குறைந்தபோது வந்தவர்களைத் தங்கவைக்கப் பள்ளிகளிடம் இடமும் ஆசிரியரும் ஆயத்தமாக இருந்தனவா என்பதே கேள்வி.

2022 ஜூனில் பிறப்பிக்கப்பட்ட 117-ஆம் அரசாணை, ஒரு கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி இருந்தால், தொடக்கப் பள்ளியின் 3, 4, 5-ஆம் வகுப்புகளை அதனோடு இணைக்கச் செய்தது. பாட வாரியாக ஆசிரியர் கிடைப்பர் என்பது நோக்கம். மாணவர் குறைந்த கிராமங்களில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. புறநகரிலோ, ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் இன்னும் மூன்று வகுப்புகள் வந்து சேர, அருகிலிருந்த தொடக்கப் பள்ளியில் இரு வகுப்புகள் மட்டும் எஞ்சும் நிலை உண்டாயிற்று. பெற்றோர்களும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2025-இல் அவ்வாணை விலக்கப்பட்டு, வகுப்புக்கு ஓர் ஆசிரியரைக் கொண்ட மாதிரித் தொடக்கப் பள்ளி என்னும் புதிய வகைப்பாடு கொண்டுவரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு குழந்தை இருமுறை பள்ளி மாறுவதற்கு இவ்வாணைகள் காரணமாகியிருக்கக்கூடும். இத்தகைய மாற்றங்களில் கிராமத்துக்கும் புறநகருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தலாகாது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் பள்ளிகளுக்கென்றே தனி உள்ளாட்சி உண்டு. 'பள்ளி மாவட்டம்' என்னும் அத்தகைய அமைப்புகள் அங்கே சுமார் 13,000 உள்ளன. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, தனி எல்லை, சொத்து வரியில் தனிப் பங்கு, கட்டடத்துக்காக வாக்காளரின் ஒப்புதலோடு கடன் பத்திரம் வெளியிடும் அதிகாரம் ஆகியவை அவற்றுக்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகியபோது பள்ளிகளும் உடன் வளர்ந்ததற்கு இதுவே காரணம். கலிபோர்னியாவில் 1986 முதல், புதிய வீடு கட்டுவோரிடம் சதுர அடிக் கணக்கில் பள்ளிக் கட்டடத்துக்கென ஒரு கட்டணம் பெறவும் பள்ளி மாவட்டங்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது.

இம்முறையின் குறை பெரியது. செல்வர் வாழும் புறநகரின் பள்ளி செழிக்கும்; ஏழைப் பகுதியின் பள்ளி நலியும். 1971-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டித்தது. 1973-இல் டெக்சஸ் வழக்கொன்றில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஆசிரியரின் ஊதியத்தை மாநிலமே வழங்கும் நம் முறை, இந்த வகையில் நியாயமானது. அதனைக் கைவிட வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றே ஒன்று: வீட்டு மனைகளின் வளர்ச்சியையும் பள்ளியின் வளர்ச்சியையும் ஒரே கணக்கில் கொண்டுவருவது.

திருப்பதிக்கு இதற்குரிய அமைப்பு புதிதன்று. 1981 முதலே திருப்பதி நகர வளர்ச்சி ஆணையம் இயங்கி வருகிறது. மனைப் பிரிவுக்கு அனுமதி வழங்கும்போது, பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தை ஒதுக்கச் செய்கிறது. ஆனால் இந்த ஒதுக்கீடு ஒவ்வொரு மனைப் பிரிவிலும் தனித்தனியே நடைபெறுகிறது. ஐந்து ஏக்கர் மனைப் பிரிவில் கிடைப்பது அரை ஏக்கர். அதில் பூங்காவே ஒழுங்காக அமையாது. அடுத்தடுத்து அனுமதி பெறும் பத்து மனைப் பிரிவுகளை ஒன்றாகக் கருதி, அவற்றின் நடுவே ஓர் ஏக்கரைப் பள்ளிக்கென்று முன்கூட்டியே குறித்து வைப்பதற்குத் தனிச் சட்டம் தேவையில்லை. வட்டாரத் திட்ட வரைபடமும், அனுமதிக் கோப்பின் நகலை மண்டலக் கல்வி அதிகாரிக்கு அனுப்பும் வழக்கமுமே போதும்.

ஆயிரம் வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் வீதம் 4,000 பேர்; தொடக்கக் கல்வி வயதினர் நூற்றுக்கு எட்டு என்றால் 320 குழந்தைகள். இவர்களில் பாதிப் பேர் அரசுப் பள்ளிக்கு வந்தாலும் 160. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்து ஆசிரியர்களும் ஒரு தலைமையாசிரியரும், ஆசிரியருக்கு ஓர் அறையும், அலுவலக அறையும், இருபாலருக்கும் தனிக் கழிப்பறையும், சமையற்கூடமும், விளையாட்டிடமும் இன்றியமையாதவை. மனைகளுக்கு அனுமதி வழங்கப்படும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். வீடுகள் நிறைவதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பள்ளி கட்டுவதற்கு அந்தக் காலம் தாராளம். இன்று நடப்பதோ, வீடுகள் நிறைந்து, முதல் குழந்தைகள் தனியார் வாகனத்தில் ஏறிப் பழகிய பிறகு, அருகிலுள்ள கிராமப் பள்ளியில் சேர்க்கை குறைந்துவிட்டதென்று அறிக்கை எழுதுவது.

1964-66-ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு அண்மைப் பள்ளி, பள்ளித் தொகுதி ஆகிய இரு கருத்துகளையும் முன்வைத்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பள்ளித் தொகுதியை மீண்டும் வலியுறுத்துகிறது. திருப்பதி நகரமும் அதன் புறநகரும் சேர்ந்த பகுதியில், மாநகராட்சி, மண்டலப் பரிஷத்து, ஜில்லா பரிஷத்து, தேவஸ்தானம் ஆகிய நான்கு வகை நிர்வாகங்களின் பள்ளிகளும் ஒரே தொகுதித் திட்டத்தில் இடம்பெறுமாயின், யாருடைய பள்ளி என்ற கேள்வி பின்னுக்குச் சென்று, எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்ற கேள்வி முன்னுக்கு வரும். சொத்துரிமையை மாற்றாமலே இதனைச் செய்யலாம்.

சுற்றுப்புற ஊராட்சிகளைத் திருப்பதி மாநகராட்சியோடு இணைக்கும் யோசனை அண்மையில் பேசப்பட்டு வருகிறது. அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இணைப்பு ஆணை எப்போது வரினும், அதன் இணைப்புப் பட்டியலில் குளம், சாலை, விளக்கு ஆகியவற்றோடு ஒவ்வொரு பள்ளியின் பெயரும், நில அளவெண்ணும், பரப்பும், ஆசிரியர் பணியிடங்களும், அவை யாரிடம் எந்த நாளில் ஒப்படைக்கப்படும் என்பதும் இடம்பெற வேண்டும். நில அளவெண் எழுதப்படாத பள்ளி மனைகளே முதலில் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகின்றன. அவற்றை அளந்து கல் நடும் பணியை மண்டல வருவாய் அலுவலகங்கள் இணைப்பு ஆணைக்குக் காத்திராமல் இப்போதே தொடங்கலாம்.